கல்லடா ஆற்றோடு இறங்கினால் ஒரு தீவு: எல்லைப் பக்கத்திலிருந்து மன்றோ துருத்துக்கு ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, குளத்துப்புழை, புனலூர் என்று தமிழக–கேரள எல்லை மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நம் குடும்பங்களுக்கு லீவு நாள் என்றால் குற்றாலம், பாலருவி, தென்மலை அணை. கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் ஆலப்புழையில் படகு வீடு. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்பதால் நாமும் போகிறோம், வரிசையில் நிற்கிறோம், திரும்பி வருகிறோம்.

ஆனால் பாலருவியில் விழுகிற தண்ணீரும், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரும், குளத்துப்புழை ஆறும் செந்துருணி ஆறும் ஒன்றாகி, கல்லடா ஆறு என்ற பெயரில் புனலூர் தொங்குபாலத்தைக் கடந்து மேற்கே போய், கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் சேருகிறது. சேருகிற அந்த இடத்தில் ஆறு கொண்டுபோய்க் கொட்டிய வண்டலில் உண்டான தீவுக் கூட்டம்தான் மன்றோ துருத்து. நம் மலையின் மண்ணில் ஆன ஊர். செங்கோட்டையிலிருந்து கொல்லம் ரயில் பாதையில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. காலையில் போய் இரவில் வீடு திரும்பிவிடலாம்.

இந்தப் பயணத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே கோட்டை இல்லை, அருவி இல்லை, டிக்கெட் கவுண்டர் வைத்த வியூ பாயிண்ட் இல்லை. தோடுகள் என்கிற சின்ன வாய்க்கால்கள், தென்னை, கண்டல் மரம், மீன் வளர்க்கும் குளம், அவற்றுக்கு நடுவே வீடுகள். தண்ணீர் சரியான உயரத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் தீவு முழுக்கத் திறந்திருக்கும். தவறான நேரத்தில் போனால் சேற்றில் தட்டி நிற்கும் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம்

1809 ஜனவரியில் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பி தளவாய் கும்பெனிக்கு எதிராக அறிக்கை விட்ட குண்டறை, இந்தத் தீவுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, 1810இல் திருவிதாங்கூருக்கு ரெசிடெண்டாக, அதாவது கும்பெனியின் பிரதிநிதியாக, வந்தவர் கர்னல் ஜான் மன்றோ. 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார். அவர் காலத்தில் ஆற்று முகத்துச் சதுப்பு நிலத்தை மீட்டு, தோடு வெட்டி, குடியிருப்பாக்கினார்கள் என்பதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு தீவு கிறிஸ்தவ மிஷனரி சங்கத்தின் கைக்குப் போய், 1930இல் சேது லட்சுமி பாயி ஆட்சியில் மீண்டும் அரசுக்கு வந்தது. செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வகையில் இது நமக்குப் பழைய உறவுக்கார ஊர்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டுதான் அங்கே கால் வைக்க வேண்டும். இந்தத் தீவு தாழ்ந்துகொண்டிருக்கிறது. பல வீடுகளில் கடல் ஏறும் நேரத்தில் காயல் தண்ணீர் முற்றத்துக்கும், சில சமயம் அடுப்படிக்கும் வந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இது கூடியது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆற்றில் மணல் அள்ளியதும், மழை வெள்ளத்தோடு வந்து படிந்துகொண்டிருந்த வண்டல் தென்மலைப் பரப்பாறு அணை வந்த பிறகு குறைந்துபோனதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நாம் ஞாயிற்றுக்கிழமை போய் நின்று படமெடுக்கிற அந்த அணைதான். அணையால் பாசனம் பெற்ற ஊர்கள் எத்தனையோ உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றின் மேல்முனையில் இருக்கிற நாம் கீழ்முனையில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 1: ஒரு நாளைக்கு ஒரு தீவு என்று முடிவு செய்யுங்கள்

எல்லைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, வழியிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வது. காலையில் பாலருவி, பிறகு தென்மலை, பதிமூன்று கண் பாலத்தில் ஒரு செல்பி, புனலூர் தொங்குபாலம், மதியம் கொல்லம் கடற்கரை, சாயங்காலம் தீவு. தீவுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடும், வள்ளக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்.

1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் எங்கும் போய்விடாது. அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்த நாளை மன்றோ துருத்துக்கு மட்டும் கொடுங்கள். தோடுகளில் இரண்டு மூன்று மணி நேரம், வீட்டுச் சாப்பாடு, பிறகு காலாற ஒரு நடை. நாள் நிறைந்துவிடும்.

சாம்பிராணிக்கோடியைப் பற்றியும் பலர் கேட்பார்கள். காயலுக்கு நடுவே முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிற திட்டு அது. அழகான இடம்தான். ஆனால் விடுமுறை நாட்களில் கூட்டம் குற்றாலத்துக்குக் குறைவில்லை. அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை நேரம் மிகவும் இதமாக இருக்கும். பனி லேசாகக் கவிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் ஆடாமல் கிடக்கும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் கடுமை. போவதானால் விடியற்காலையிலேயே வள்ளத்தில் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நமக்குக் குற்றாலச் சீசன் என்றால் அவர்களுக்கு ஆறு பெருகும் காலம். அந்த மாதங்களில் கிளம்புவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் விசாரியுங்கள்: தென்மலை அணையில் ஷட்டர் திறந்திருக்கிறார்களா? மலையாளச் செய்திகளில் அறிவிப்பார்கள், தென்மலைப் பக்கம் யாருக்காவது போன் போட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஷட்டர் திறந்திருந்தால் கீழே கல்லடாவில் இழுப்பு பலமாக இருக்கும். அன்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அக்டோபர், நவம்பரில் காலை வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடிக்கும். திறந்த காயலில் மின்னல் நேரத்தில் வள்ளத்தில் இருக்கக் கூடாது. ஆகவே அந்த மாதங்களில் காலை மட்டும்தான்.

திருவோணத்திலிருந்து இருபத்தெட்டாம் நாள் கல்லடா வள்ளங்களி நடக்கும். நீளமான சுண்டன் வள்ளங்கள் பாய்வதைப் பார்க்க ஆசை என்றால் அந்த நாளுக்குப் போகலாம். ஆனால் அன்று தீவு முழுக்கத் திருவிழா. தோட்டுக்குள் மெதுவாகப் போகும் பயணத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: ஏற்றமும் இறக்கமும் பாருங்கள்

முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அஷ்டமுடிக் காயல் நீண்டகரையில் கடலோடு சேருகிறது. கடல் ஏறும்போது அந்த வாய் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். பொதுவாக நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். கொல்லம் பக்கத்துக் கடற்கரையில் இந்த வித்தியாசம் பெரிதல்ல, ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் இடுப்பளவு ஆழமே உள்ள ஒரு தோட்டில் அரை அடி ஏறுவதும் இறங்குவதும் பெரிய விஷயம்.

தீவில் தோடுகளுக்குக் குறுக்கே ஏராளமான சின்னப் பாலங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக, சைக்கிள் போக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகக் கட்டியவை. தண்ணீர் நடுத்தரமாக இருக்கும்போது தலையைக் குனிந்தால் போதும். ஏற்றம் முழுதாக இருக்கும்போது பாலத்தின் அடிப்பக்கம் வள்ளத்தின் விளிம்புக்கு அவ்வளவு கிட்டே வந்துவிடும். எல்லோரும் வள்ளத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொள்ள, வள்ளக்காரரும் கழியை உள்ளே போட்டுவிட்டுக் குனிந்து, பாலத்தின் அடியைக் கையால் தள்ளித் தள்ளி வள்ளத்தை அந்தப் பக்கம் எடுப்பார். கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் மூக்குக்கு ஒரு சாண் மேலே நகர்ந்து போகும். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். முதுகு வலி உள்ள பெரியவர்களுக்குச் சரிப்படாது. அதையும் தாண்டித் தண்ணீர் ஏறினால் அந்தத் தோட்டை விட்டுவிட்டு வேறு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதுதான். முழு இறக்கத்தில் வேறு பிரச்சினை. குறுகிய தோடுகளில் அடி தட்டும், சேறு தெரியும், நாற்றமும் வரும்.

ஆகவே நமக்கு வேண்டியது நடுநீர். இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு வள்ளம் ஏறினால் தோடுகளில் தாராளமாகப் போகலாம், பாலங்களும் விடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் துறைமுகங்களுக்கான ஏற்ற இறக்க நேரங்களை வெளியிடுகிறது. போனிலும் இதற்கென்று ஆப்கள் இருக்கின்றன. கொல்லம் அல்லது நீண்டகரை என்று போட்டுப் பாருங்கள். ஆனால் அது கடல் வாயின் நேரம். அந்தத் தண்ணீர் காயல் முழுக்கப் பரவித் தீவின் உள்தோட்டுக்கு வந்து சேரத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை வள்ளக்காரர் பட்டென்று சொல்வார். அவருக்கு அது வீட்டுக் கடிகாரம். முதல் நாள் போனில் பேசும்போதே "நாளைக்குக் காலை வேலியேற்றம் எப்போது?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்றத்துக்கு அங்கே வேலியேற்றம் என்று பெயர்.

ஆப் எல்லாம் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் தொங்குகிற தினசரி நாட்காட்டியைப் பார்த்தாலே பாதிக் கணக்கு தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு, தண்ணீர் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். சுப காரியத்துக்கு நாம் ஒதுக்குகிற அஷ்டமி, தோட்டுப் பயணத்துக்கு நல்ல நாள். ஏற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் பின்னால் தள்ளிக்கொண்டே போகும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால், போன வாரம் போய்வந்தவர் சொன்ன நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்ப மாட்டீர்கள்.

கார்த்திகை மாதத்தை ஒட்டி வருகிற ஏற்றத்தை அங்கே விருச்சிக வேலியேற்றம் என்பார்கள். அந்தச் சமயத்தில் சில வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். அதை வேடிக்கை பார்க்கப் போகிற வழக்கம் வேண்டாம்.

படி 4: போகும் வழி

எனக்குப் பிடித்தது ரயில். 1904இல் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இது. அகலப்பாதை வேலைக்காகப் பல வருடங்கள் மூடிக்கிடந்து, 2018இல் முழுதாகத் திறந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்குப் பிறகு செங்கோட்டையைக் கடந்து, விடிவதற்கு முன் கொல்லம் சேரும். அதே வண்டி பாலக்காட்டிலிருந்து திரும்பும்போது இரவில் கொல்லம் வந்து நம் பக்கம் ஏறும். ஒரு நாள் பயணத்துக்காகவே அட்டவணை போட்ட மாதிரி அமைந்திருக்கிறது. நேரங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் வாரத்தில் ரயில்வே ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிற நிலையங்களையும் சேர்த்துப் பாருங்கள், மலைப் பகுதியில் எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்காது.

கொல்லம் ஸ்டேஷனில் முகம் கழுவி, ஒரு சாயா குடித்துவிட்டு, எர்ணாகுளம் பக்கம் போகிற பாசஞ்சர் அல்லது மெமு வண்டியில் ஏறுங்கள். பெரிநாடு, அதற்கடுத்து மன்றோ துருத்து. அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே வண்டி அஷ்டமுடிக் காயலின் மேல் பெருமண் பாலத்தைக் கடக்கும். 1988 ஜூலை 8ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் தண்ணீருக்குள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இங்கேதான். காலை நேரத்தில் இந்தப் பாலத்தின் மேலிருந்து தெரிகிற காயலும் மீனவர்களின் வள்ளங்களும் பயணத்தின் முதல் நல்ல காட்சி. ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனால் வாசலில் தொங்காதீர்கள்.

சாலை வழி என்றால் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை, குண்டறை. குண்டறையில் கொல்லம் சாலையை விட்டுப் பிரிந்து சிற்றுமலை வழியாக இடியக்கடவுப் பாலம் தாண்டினால் தீவு. மலைச்சாலையில் சரக்கு லாரிகள் அதிகம் என்பதால் கூகுள் காட்டுகிற நேரத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். தீவுக்குள் சாலைகள் குறுகல். வேனை ஸ்டேஷன் பக்கத்திலோ படகுத்துறைக்குப் பக்கத்திலோ நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் ஊர்க்காரர்களுக்கும் உபகாரம்.

பேருந்தில் போகிறவர்கள் தென்காசி, செங்கோட்டையிலிருந்து கொல்லம் பஸ்ஸில் ஏறிக் குண்டறையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம்.

படி 5: வள்ளம் பேசுவது

இரண்டு விதமான வள்ளம் கிடைக்கும். மோட்டார் வைத்தது ஒன்று. கழி ஊன்றித் தள்ளுவது இன்னொன்று. தீவைப் பார்க்க வேண்டுமானால் கழி வள்ளம்தான். மோட்டார் படகு உள்தோட்டுக்குள் போகாது, போனாலும் அதன் அலை கரையை அரிக்கும். ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிற ஊரில் அந்த அலையை நாம் கொண்டுபோக வேண்டாம்.

பேசும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் ஆளுக்கா, வள்ளத்துக்கா, மணிக்கணக்கா? எந்த வழியாகப் போகும்: பெரிய ஆற்றில் சுற்றிவிட்டுத் திரும்புமா, தோடுகளுக்குள்ளும் போகுமா? லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா, பிள்ளைகள் அளவிலும் இருக்கிறதா? மழை பிடித்தால் என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர் அனுபவசாலி.

தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் வள்ளத்தைத் தேடுங்கள். ஸ்டேஷன் பக்கத்துச் சாயாக்கடையில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். "சேட்டா" என்று கூப்பிட்டு நம் தமிழில் மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வார்கள். புனலூர், குளத்துப்புழைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு மொழியும் வீட்டிலேயே பேசுகிறவர்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை வள்ளக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதிப் பயணம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

படி 6: தோட்டுக்குள்

ஏறும்போது வள்ளத்தின் நடுவில் கால் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் சாயும். கனமானவர்கள் நடுவில், பிள்ளைகள் அவர்களுக்கு முன்னால். உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று படமெடுக்கக் கூடாது. போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, தலைக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர். இதற்கு மேல் சாமான் வேண்டாம்.

முதல் கால் மணி நேரம் பேசாமல் இருந்து பாருங்கள். கழி சேற்றில் இறங்கும் சத்தம், மீன்கொத்தி பாய்கிற சத்தம், யாரோ வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் அவை மேலே வளைந்து கூடி நுழைவாயில் போல ஆகிவிட்டிருக்கின்றன. எல்லா வள்ளக்காரரும் அங்கே நிறுத்துவார்கள், எல்லோரும் படமெடுப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது கரையோர வீடுகளின் சுவரை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். அதற்கு மேலே உப்பு பூத்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஏற்றத்தின்போது தண்ணீர் எதுவரை வருகிறது என்பதை அந்தக் கோட்டில் படித்துவிடலாம். சில வீடுகளில் தரை தாழத் தாழ மண்ணடித்து மேடாக்கியிருப்பார்கள். கூரை அதே உயரத்தில் இருக்கிறது, ஆகவே வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். இதையெல்லாம் போனில் படமெடுக்கத் தோன்றும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் வீட்டுச் சுவர் இடிந்து கிடக்கும்போது யாரோ வந்து படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

வழியில் கயிறு திரிக்கும் வீடு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தேங்காய் மட்டையைக் காயல் ஓரத்தில் மாதக்கணக்கில் ஊறப் போட்டு, அடித்து, நாரெடுப்பார்கள். ஊறல் கிடக்கிற இடத்தில் அழுகின முட்டை வாடை வரும், மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்காதீர்கள். ராட்டு ஒரு முனையில் சுற்ற, அக்காமார் மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் நாரை விட்டுவிட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டே போவார்கள். அவர்கள் நடக்க நடக்க விரலுக்குள்ளிருந்து கயிறு நீளும். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் திரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே கயிறோ மிதியடியோ இருந்தால் பேரம் பேசாமல் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தோட்டில் இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் அடியில் இடுப்புவரை இழுக்கிற சேறு இருக்கும், சிப்பி காலைக் கிழிக்கும்.

படி 7: சாப்பாடு

தீவில் பெரிய ஓட்டல் கிடையாது. ஹோம்ஸ்டே நடத்துகிற வீடுகளில் முதல் நாளே சொல்லிவைத்தால் மதிய ஊண் தயார் செய்வார்கள். வள்ளக்காரரே ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. குத்தரிசிச் சோறு, மீன் கறி, தேங்காய்த் துவையல், காயலில் பிடித்த கரிமீன் பொரித்தது. கரிமீனில் முள் அதிகம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். கொஞ்சு என்கிற இறாலும் கப்பக் கிழங்கும் கிடைத்தால் விடாதீர்கள்.

கக்கா (மட்டி) இறைச்சியும் கேட்டுப் பாருங்கள். அஷ்டமுடியின் கக்காத் தொழில் வளம் குன்றாமல் மீன் பிடிப்பதற்கான எம்எஸ்சி என்ற சர்வதேசச் சான்றிதழை 2014இல் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் இதுதான். இனப்பெருக்க காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கக்கா வாருவதை நிறுத்திவைக்கிற கட்டுப்பாடு அந்தப் பெருமைக்கு ஒரு காரணம். ஆகவே அந்த மாதங்களில் "கக்கா இல்லை" என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எதற்கும் ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம்தானே. இலையையும் பையையும் அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். தீவில் குப்பை போக வழியில்லை, தோட்டுக்குத்தான் போகும். வாட்டர் பாட்டிலும் அப்படியே. கழிப்பறைக்கும் இந்தச் சாப்பாட்டு வீடுதான் வசதி, பெண்களும் பெரியவர்களும் இருந்தால் வீடு பேசும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

படி 8: மதியத்துக்கு மேல் நடை

சாப்பிட்டபின் வெயில் தாழும்வரை திண்ணையில் இருங்கள். மூன்று மூன்றரைக்கு மேல் தோட்டோர வரப்புகளில் நடக்கலாம். ஒரு பக்கம் தோடு, மறு பக்கம் மீன் குளம், நடுவே ஓரடி அகலம். செருப்பு வழுக்கும், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிங்காலம், கிடப்பிரம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர். வாடகைக்குச் சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. சில தென்னைகள் உப்பேறி, கொண்டை சிறுத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். நெல் விளைந்த வயல்கள் எத்தனையோ இன்று மீன் குளங்களாகிவிட்டன. வரப்பில் எதிரே வருகிற பெரியவரிடம் கேட்டால் எந்த வயலில் என்ன விளைந்தது என்று சொல்வார்.

சூரியன் சாய்வதைப் பார்க்கக் காயல் திறக்கிற மேற்குப் பக்கத்துக்கு ஐந்தரைக்குள் போய்விடுங்கள்.

படி 9: திரும்புதல்

இருட்டுவதற்கு முன் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். மன்றோ துருத்தில் நிற்கிற வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். அப்படி ஆகிவிட்டால் ஆட்டோ பிடித்துக் குண்டறைக்கு வந்துவிடுங்கள். பிரதான சாலை, புனலூர்ப் பக்கம் பஸ் இருக்கும். புனலூரில் இறங்கி மலையேறும் பஸ்ஸைப் பிடிக்கலாம், ஆனால் இரவாக ஆக இது குறையும். சொந்த வண்டியில் வந்தவர்கள் வழியில் கள்ளு ஷாப் சாப்பாட்டுக்கு நின்றாலும் ஓட்டுகிறவர் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தென்மலைக்கு மேலே இரவில் அந்த வளைவுகள் மன்னிக்காது. எல்லைச் சோதனைச்சாவடியில் பாட்டில் ஏதாவது பிடிபட்டால் முழு இரவும் அங்கேதான்.

அடுத்த நாள் கிடைத்தால்

மன்றோ துருத்து பிடித்துப்போனவர்களுக்கு அதே முறையில் இன்னும் சில நாட்கள் அமைத்துக்கொள்ளலாம். கொல்லம் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகுகள் காயலோர ஊர்களுக்குப் போகின்றன. டவுன் பஸ் மாதிரி மலிவு. சவரா தெக்கும்பாகம் பக்கம் போகிற படகில் ஏறி, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போய், இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பினாலே ஓர் அரை நாள். கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மன்றோ துருத்துக்கு அடுத்த ரயில் நிலையம் சாஸ்தாம்கோட்டை. கேரளத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அங்கே இருக்கிறது. அஷ்டமுடி, சாஸ்தாம்கோட்டை இரண்டும் 2002இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று சாஸ்தா கோயில்களுக்கு நடுவே வாழ்கிற நமக்கு ஏரிக்கரையிலுள்ள சாஸ்தா கோயிலும் சேர்ந்து கிடைக்கிறது. கோயிலில் குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வைத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, கருநாகப்பள்ளிக்கு மேற்கே ஆலப்பாடு. ஒரு பக்கம் அரபிக்கடல், மறு பக்கம் கால்வாய், நடுவே நூல் மாதிரி நிலம். 2004 சுனாமியில் கேரளத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர். வடமுனையில் அழீக்கல் கடற்கரையும், 2022இல் திறந்த வில் வளைவுப் பாலமும் இருக்கின்றன. அங்கே போவதற்கு ஏற்ற இறக்கம் பார்க்கத் தேவையில்லை, ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றே இல்லாத நாளில்கூட எங்கோ தூரத்துப் புயலின் அலை வந்து கரையேறிவிடும். அந்த எச்சரிக்கையையும் இன்காய்ஸ்தான் வெளியிடுகிறது. முதல் நாள் இரவே பார்த்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.